தலையில்லாதவள் மடியில் மொட்டை

எங்கள் குலசாமி செங்காட்டம்மன் பூட்டின கதவுக்குள்ளே தனியாகக் கிடந்த காலத்தில், அவளைப் பூட்டவைத்த பங்காளிகள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பெட்டியும் ஆளுக்கொரு பெண்டாட்டியுமாகக் கிரேக்க தேசம் பார்க்கக் கப்பலேறிப் போனார்கள். அந்தப் பெண்டாட்டிகளில் இளையவள் நான், என் பேர் உலகம்மாள், என் இடுப்பில் என் மகள் தன்யஸ்ரீ.

புளியங்குடி பஜாரில் எதிரும் புதிருமாக ரெண்டு பெயிண்ட் கடை இருக்கிறது. ஒன்று என் வீட்டுக்காரர் குத்தாலிங்கத்தின் கடை. இன்னொன்று அவருக்குப் பெரியப்பா மகன் தவசிக்கண்ணுவின் கடை, எனக்கு அவர் மூத்தார். ரெண்டு கடையிலும் விற்பது ஒரே கம்பெனிப் பெயிண்ட்தான், ஆனாலும் எதிர்க்கடையில் வாங்கினால் முதல் மழைக்கே உரிந்துவிடும் என்று ரெண்டு பேருமே கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள். தன்யா என் வயிற்றில் இருந்தபோது, கோயிலுக்குப் பெயிண்ட் அடித்துச் சுவரில் ‘உபயம்’ என்று பேர் எழுதுகிற உரிமை யாருக்கு என்று சண்டை வந்தது. இவர் கிழக்கே இருந்து பச்சையும் அவர் மேற்கே இருந்து ரோஸுமாக அடித்துக்கொண்டே போய், நடுவில் அம்மன் உட்கார்ந்திருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அவள் மேலும் அடித்து, அவள் மூக்கு நுனியில் ரெண்டு பிரஷ்ஷும் முட்டிக்கொண்ட இடத்தில் கைகலப்பாகி, ஒருத்தர் தலையில் ஒருத்தர் டப்பாவைக் கவிழ்த்து, போலீஸ் வந்து, கடைசியில் ஒரு ஆபீசர் வந்து கதவைச் சாத்திச் சீல் வைத்தார். “ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடுங்க, திறந்து விடுதேன்” என்றார். சேர்ந்து வருவதாவது! அன்றையிலிருந்து அம்மன் பாதி முகம் பச்சையும் பாதி முகம் ரோஸுமாக, நீட்டின நாக்கிலும் நடுவில் கோடு விழுந்து, உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஆண்களுக்கு அது சண்டை. எனக்கும் என் ஓர்ப்படியாள், மூத்தார் பெண்டாட்டி கோமு அக்காவுக்கும் அது முடி.

முதல் முடி குலசாமிக்கு உரியது. அதை இறக்காமல் பிள்ளை தலையில் கத்தரி படக்கூடாது. முதல் வருஷத்தில் இறக்க வேண்டும், தவறினால் மூன்றில், அதுவும் தவறினால் ஐந்தில். கோமு அக்காவின் மகனுக்குச் சடை இடுப்புக்கு வந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் அவனை ‘பாப்பா’ என்கிறார்களாம், அவன் இப்போது அதற்குத் திரும்பியே பார்க்கிறானாம். என் மகளுக்கு முடி அடர்த்தி. வேர்வை தங்கி உச்சியில் புண் வரும், தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும், ராத்திரி சொறிந்துகொண்டு அழுவாள். வருகிற ஆனியோடு அவளுக்கு மூன்று முடிகிறது. ஆனிக்குள் இறக்கினால் உண்டு, இல்லையென்றால் இன்னும் ரெண்டு வருஷம் அந்தப் புண்ணோடு கிடக்க வேண்டும். இதை இவரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சோறு போடும்போது வாய் வரைக்கும் வரும், “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?” என்று வெளியே விழும்.

இப்படி இருக்கையில் பெயிண்ட் கம்பெனி, அதிகம் விற்ற டீலர்களைக் குடும்பத்தோடு கப்பலில் கூட்டிப்போகிறோம் என்றது. போட்டி போட்டு விற்றதில் ரெண்டு பேருமே தேறிவிட்டார்கள். வெளிநாட்டுக்குப் பிள்ளைகள் எதுக்கு என்று எல்லாரும் சொன்னார்கள், கோமு அக்கா மகனை அவள் அம்மா வீட்டில் விட்டாள், நான் மட்டும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், இறக்கவேயில்லை, அப்படியே விமானத்திலும், அங்கே இறங்கிக் கப்பலிலும் ஏற்றிவிட்டார்கள்.

கப்பல் என்றால் பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கடலில் விட்ட மாதிரி இருந்தது. பாதி வெள்ளைக்காரர்கள், பாதி நம் டீலர்கள். நமக்கென்று வள்ளியூர்ச் சமையல்காரர் ஒருத்தர் சாம்பார்ப்பொடியோடு வந்திருந்தார். கூட்டிப்போன பையன் மார்ட்டின், நாகர்கோவில்காரன், ஒரு மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான். சாப்பாட்டு மேஜையில் எங்கள் ரெண்டு குடும்பத்தையும் ஒரே ஊர் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான். மூத்தாருக்கு ஊறுகாய் வேண்டும் என்றால் இங்கிலீஷ்கார வெயிட்டரைக் கூப்பிட்டு எங்கள் முன்னால் இருக்கிற பாட்டிலைக் காட்டுவார், வெயிட்டர் மேஜையைச் சுற்றி வந்து எடுத்துக் கொடுப்பான்.

ஒரு தீவில் இறக்கினார்கள். மரம் மட்டை இல்லாத மொட்டைப் பொட்டல், நம் ஊர்ச் சித்திரை வெயிலையே கொண்டுபோய் அங்கேயும் அடித்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் பாதித் தூண், கால் தூண், தூண் இருந்த இடம்.

“ஏட்டி உலகு, இதுக்கா இம்புட்டுத் தூரம்?” என்றாள் கோமு அக்கா, செருப்பைக் கழற்றி உதறிக்கொண்டே. “நம்ம பழைய மார்க்கெட்ட இடிச்சப்ப இதவிட நல்லா இருந்துச்சு. அப்ப ஒருத்தனாவது டிக்கெட் போட்டானா பாரு.”

வழிகாட்டுகிற பெண் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மார்ட்டின் தமிழில் சொன்னான். டீலர்கள் யாரும் கேட்கவில்லை, நிழல் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவன், “இந்தச் சிலையெல்லாம் இப்பதான் வெள்ளை. அந்தக் காலத்துல முழுக்க கலர் அடிச்சு வச்சிருந்தாங்களாம்” என்றான். அவ்வளவுதான், படுத்திருந்த மாடு எழுந்த மாதிரி அத்தனை டீலர்களும் நிமிர்ந்தார்கள். ஒருத்தர் தூணைத் தடவி, “ப்ரைமர் அடிக்கல, அதான் நிக்கல” என்றார். இன்னொருத்தர் சட்டைப்பையிலிருந்து கலர் பார்க்கிற ஷேடு கார்டை எடுத்துக் கல்லோடு வைத்துப் பார்த்தார்.

அவர்கள் அப்படி இருக்க, மார்ட்டின் அடுத்துச் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. அங்கே மேடையில் ஒரு கல் பெண் நின்றாள். தலை இல்லை. ஒரு கை மணிக்கட்டோடு போயிருந்தது. கொசுவம் வைத்துக் கட்டின மாதிரி மடிப்பு மடிப்பாகச் சேலை, பார்த்தால் கல் என்றே தெரியாது. “இவங்க ஒரு சாமி. சின்னப் பிள்ளைங்க முடியை வெட்டி இவங்க காலடியிலதான் வைப்பாங்களாம், அப்ப உள்ள வழக்கம்” என்றான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். கூட்டம் நகர்ந்து போய்விட்டது. இடுப்பிலிருந்து இறங்கின தன்யா மேடைக்குக் கீழே உட்கார்ந்து, மண்ணை அள்ளிக் கவுன் பையில் கொஞ்சம், வாயில் கொஞ்சம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது, ஒன்றும் போடவும் கூடாது. காவலுக்கு இருந்த நரைத்த மீசைக்காரர் தூரத்தில் விசிலை ஊதிக்கொண்டு வந்தார். பிள்ளை வாய்க்குள் விரலை விட்டு மண்ணை வழித்தேன், அதை எங்கே போடுவது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்தேன், பிள்ளையைத் தூக்கினேன், வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தேன்.

குலசாமி கும்பிடுகிறவர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். சாமியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் அவள் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து மடியில் முடிந்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், அவள் பின்னாலேயே வருவாள்.

பின்னால் அம்மியை இழுத்த மாதிரிச் சத்தம் கேட்டது.

எதிரே வந்த கோமு அக்கா என் முந்தானையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள். “பிடிமண் எடுத்திட்டியாட்டி?”

“பிள்ளை வாயில இருந்து எடுத்தேன்க்கா.”

“எங்க இருந்து எடுத்தா என்ன, மண்ணு மண்ணுதானே. வாரா பாரு, எம்புட்டு நீளமாக் கால எட்டி வைக்கா! பைய நட, தலை இல்லாதவ, தட்டிக்கிட்டு விழுந்திரப் போறா.”

காவல்காரர் வந்து சேர்ந்தார். மேடையைப் பார்த்தார், நடந்து போகிறவளைப் பார்த்தார், மார்ட்டினைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மார்ட்டின் சொன்னான்: “எடுத்துட்டுப் போனாத்தான் குத்தமாம் அக்கா, நடந்து போனா அவருக்குச் சட்டம் இல்லையாம். இவளோட அக்கா மாதிரி இருந்த இன்னொரு சிலையை அந்தக் காலத்துல யாரோ ரம்பம் வச்சு அறுத்து மூட்டை கட்டிக் கொண்டுபோயிட்டாங்களாம். இவளாவது இஷ்டப்பட்டுப் போறா, போயிட்டு வரட்டும்ங்கிறார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பார்க்க வருதாம், அதுக்குள்ள அனுப்பிடணுமாம்.”

கப்பலில் ஏறும்போது ஒன்றும் சிக்கல் இல்லை. மார்ட்டின் தலையைத்தான் எண்ணுவான், அவளுக்குத் தலை இல்லை, கணக்குச் சரியாக வந்தது. இரும்பு இருந்தால் கத்துகிற வாசலில் அவள் நுழைந்தாள், அது கத்தவில்லை. வெள்ளைச் சட்டைப் பெண் அவளுக்கும் கையில் கிருமிநாசினி ஊற்றினாள், ஒரு கைதான் இருக்கிறது என்று பார்த்து முழங்கையிலும் கொஞ்சம் தடவிவிட்டாள். எங்கள் அறைக்குள் இடம் போதாமல் மேல்தட்டில் நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவள் நின்ற பக்கம் கப்பல் சாய்ந்தது. கேப்டன் ஒலிபெருக்கியில் ரொம்பப் பணிவாக, சாமி இடதுபக்கம் இருப்பதால் கனத்த உடம்புக்காரர்கள் தயவுசெய்து வலதுபக்கம் வந்து உட்காரும்படிக் கேட்டுக்கொண்டார். எங்கள் டீலர்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு எழுந்து போனார்கள்.

சாயங்காலத்துக்குள் வரிசை கட்டிவிட்டார்கள். முதலில் வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுக்க நின்றார்கள், பிறகு நம் பெண்கள் திருநீறு பூசுவதைப் பார்த்து நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மகன் பேசுவதே இல்லை என்று ஒரு ஜெர்மன்காரி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய் இல்லாத சாமி என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லவில்லை. ஜெர்மன்காரிக்கு அதுவே ஆறுதலாக இருந்ததாம். “தலை இல்லாததும் நல்லதுதாம்ட்டி” என்றாள் கோமு அக்கா, “நம்ம ஆத்தாளா இருந்தா இந்நேரம் நாக்கத் துருத்தி வஞ்சிருப்பா.” வள்ளியூர்க்காரர் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்தார். அப்படியே இருந்தது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பாயசம் வைத்துக் கழுத்து வழியாக ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கல்லின் மேல் ஈரம் காய்ந்தது. குடித்துவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் காலையில் கோமு அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். “ஏட்டி, மொட்டையடிச்சிரு.”

“இவ நம்ம குலசாமி இல்லியே அக்கா.”

“பிடிமண்ணுல வந்தவ நம்ம சாமிதான். முடி வாங்கிப் பழக்கப்பட்டவ வேற. ஆனா ஒண்ணு, மண்ண இறக்கணும்லா? பங்காளிக ரெண்டு பேரும் ஒரே தட்டுல கைவச்சு இறக்கணும். இறக்காத சாமி முடி வாங்க மாட்டா. நான் எங்க வீட்டு மனுசன்ட்ட கேட்டேன். அவன் வந்து மொதல்ல கேக்கட்டும்ங்காரு. நீ கொழுந்தன்ட்ட கேளு.”

நான் போனேன். இவர் கண்ணாடி முன்னால் மீசையை வெட்டிக்கொண்டிருந்தார். வாய் வரைக்கும் வந்தது. “காபி குடிச்சிட்டீங்களா?” என்றேன்.

அன்று மத்தியானம் கம்பெனிக்காரர்கள் மேல்தட்டில் கூட்டம் போட்டு, புதிதாக வரப்போகிற எனாமலை அறிமுகப்படுத்தி, டீலர்களுக்கெல்லாம் சின்னச் சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் பரிசுப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் வெள்ளையாக ஒரு கல் சும்மா நிற்கிறது, கையில் பிரஷ் இருக்கிறது, அந்தக் காலத்தில் இதற்குக் கலர் அடித்திருந்தார்கள் என்றும் சொல்லியாகிவிட்டது. என்ன நடக்கும்? இவர் போய்ச் சாமியின் வலது தோளில் பச்சையைத் தொட்டு வைத்தார். மூத்தார் பார்த்தார். இடது தோளில் ரோஸை வைத்தார்.

“இந்தாருங்க, எங்க சாமி மேல எவனும் கை வைக்கப்பிடாதுன்னு சொல்லுங்க” என்றார் இவர், மார்ட்டினைப் பார்த்து.

“எவன் சாமி? மண்ணு எடுத்தது அவன் பொண்டாட்டின்னா, பிடிமண்ணுன்னு கண்டு சொன்னது என் பொண்டாட்டின்னு சொல்லுப்பா” என்றார் மூத்தார், அதே மார்ட்டினைப் பார்த்து.

மார்ட்டின் பாவம், ரெண்டையும் இங்கிலீஷில் கேப்டனுக்குச் சொன்னான்.

தோளிலிருந்து மார்பு, மார்பிலிருந்து வயிறு என்று ரெண்டு பேரும் அடித்துக்கொண்டே வந்தார்கள். மற்ற டீலர்கள் கட்சி பிரிந்து, “பச்சைக்கு இன்னொரு கோட்டு கொடு!”, “ரோஸு ஓடுது பாரு, தின்னர் சாஸ்தி!” என்று கத்தினார்கள். ரெண்டு பிரஷ்ஷும் தொப்புளுக்கு வந்து முட்டின. இவர் மூத்தாரின் சட்டையைப் பிடித்தார். மூத்தார் டப்பாவைத் தூக்கினார்.

சாமி நகர்ந்தாள். அம்மி இழுக்கிற சத்தத்தோடு, பாதி பச்சையும் பாதி ரோஸுமாக, கப்பலின் விளிம்புக் கம்பியைப் பார்த்து நடந்தாள். தலை இல்லாவிட்டாலும் போகிற வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தியைப் பூட்டி வைத்தோம், இவளைக் கடலில் விழ வைக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. தன்யா என் தோளில் தலையைத் தேய்த்தாள். வெயிலில் உச்சிப்புண் அரித்து, என் கழுத்தில் நீர் பட்டது.

“ஏ தாயி! உக்காரு!”

யார் கத்தினார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன். பார்த்தால் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாமி கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு முழங்காலை மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்தார்கள், டீலர்கள் உட்கார்ந்தார்கள், கேப்டனும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். இவரும் மூத்தாரும் மட்டும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்தபடி நின்றார்கள்.

திறந்த வாயை எனக்கு மூடத் தெரியவில்லை.

“அத்தான், டப்பாவக் கீழ வையுங்க. ஏங்க, நீங்க சட்டைய விடுங்க. ஆம்பள ரெண்டு பேரும் பேரெழுதச் சுவரு தேடுதீங்க, எம்பிள்ளை தலையப் பாருங்க, இந்தா, கிட்ட வந்து பாருங்க. சீழு வைக்குது. உங்க மவன் சடை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறான் அத்தான். ஆத்தா மூஞ்சியக் கெடுத்தீங்க, பூட்டினீங்க. இவ எங்கயோ கெடந்தவ, எம்பிள்ளை வாய்மண்ணுக்கு இரங்கி வந்தா, இவ மூஞ்சியக் கெடுக்க மூஞ்சி இல்லாததால ஒடம்பக் கெடுத்தீங்க. இப்ப மண்ண இறக்கப் போறேன். தட்டுல கை வைக்கீங்களா, இல்ல அவ கூட நானும் பிள்ளையும் கடல்ல எறங்கி நடந்துபோவட்டுமா?”

கோமு அக்கா ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். நான் முந்தானையை அவிழ்த்து மண்ணைக் கொட்டினேன். இவர் கை வைத்தார், பச்சைக் கை. மூத்தார் மெதுவாக வந்து கை வைத்தார், ரோஸ் கை. ரெண்டும் ஒட்டிக்கொண்டன, எனாமல் அல்லவா.

மொட்டைக்கு மாமன் மடி வேண்டும். என் தம்பி சவுதியில் இருக்கிறான். சாமி உடைந்த கையை நீட்டி மடியைக் காட்டினாள். தன்யா இறங்கிப் போய், ஏதோ தினமும் உட்காருகிற இடம் மாதிரி அதில் உட்கார்ந்தாள். கப்பலில் முடிவெட்டுகிற பிலிப்பைன்ஸ் பெண் வந்து, இத்தனை முடியையா என்று கண் கலங்கி, எனக்குப் பொட்டு வைத்துவிடுங்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். இவர் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தார். மூத்தார் பிள்ளை தலையை அசையாமல் பிடித்தார். “பைய, பைய, அந்தப் புண்ணுப் பக்கம் பைய” என்று மூத்தார் சொல்ல, “தண்ணி போதுமாண்ணே?” என்று இவர் கேட்டுவிட்டார். கேட்டது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

முடியை அள்ளிச் சாமியின் கழுத்தின் மேல் வைத்தேன். தலை இல்லாதவளுக்கு வேறெங்கே வைப்பது? கடல் காற்று அப்படி வீசுகிறது, ஒரு இழை பறக்கவில்லை.

சொன்னபடி திங்கட்கிழமைக்குள் அந்த மீசைக்காரர் படகில் வந்து அவளையும் மண்ணையும் கூட்டிப்போனார். பிற்பாடு பெரிய படிப்பாளிகள் அந்தத் தீவுக்கு வந்து அவளைப் பார்த்து, அந்தக் காலத்து நிறம் அழியாமல் கிடைத்துவிட்டது, பச்சையும் ரோஸும் தெய்வங்களுக்கு உரியவை என்று பேப்பரில் போட்டார்களாம். மார்ட்டின் அனுப்பின அந்தப் பேப்பரை ரெண்டு கடையிலும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். இவர் கடையில் பச்சைப் பக்கத்துக்கு வட்டம் போட்டிருக்கிறது.

ஊருக்கு வந்த வாரமே ரெண்டு பேரும் ஒரே பைக்கில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சீல் உடைத்தார்கள். நானும் கோமு அக்காவும் மண்ணெண்ணெய் தொட்டு அம்மன் முகத்தைத் துடைத்தோம், கருத்த முகம் வெளியே வந்தது. ஆனியில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா வைத்தோம். அதற்கு முந்தின நாள் மார்ட்டின் போன் பண்ணினான். “அக்கா, அந்தப் பெரியவர் கூப்பிட்டார். மேடை மறுபடியும் காலியா இருக்காம். உங்ககிட்ட ஏதாவது மண் மிச்சம் இருக்கான்னு கேட்கிறார்.” இல்லை, எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

கொடையன்று கோமு அக்காவின் மகனுக்கு மொட்டை. சடை விழ விழ அவன், “நான் இனிமே பாப்பா இல்லியே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பொங்கல் இறக்கி, இலை போட்டு, எல்லாரும் உட்காருகிற நேரம். எங்கே தன்யாவைக் காணோம் என்று பார்த்தால், கோயில் வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து வாயை மென்றுகொண்டிருக்கிறாள். அவசரத்தில் கப்பல் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டின அதே பூப்போட்ட கவுன். கவுன் பைக்குள் கை. வாயெல்லாம் மண். நம் ஊர் மண் சிவப்பு, அது வெள்ளை.

எனக்குப் பின்னால், தெருமுனையில், யாரோ அம்மியை இழுத்து வருகிற சத்தம் கேட்டது. இவரும் மூத்தாரும் எழுந்து, கோயில் சுவருக்கு அடிக்கக் கொண்டுவந்திருந்த பிரஷ்ஷுகளை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“அக்கா,” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “இன்னொரு இலை போடுங்க.”